மடக்குக் கத்தி நிலை: அறுவை மேசையிலும் குறிப்பேட்டிலும்

மூலம், பௌத்திரம், வால் எலும்பின் மேல் முடி புதைந்து சீழ் வைக்கும் பைலோனிடல் சைனஸ் ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வருபவர்களை முதல் நாள் மாலையே பார்த்துப் பேசுவது என் வழக்கம். மயக்க மருத்துவராகத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாறிமாறிப் பணிபுரியும் எனக்கு, அந்த உரையாடலில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஊசியைப் பற்றியதாகவே இருக்கும். "முதுகில் ஊசி போட்ட பிறகு உங்களைக் குப்புறப் படுக்க வைத்து, மேசையை நடுவில் மடக்கி, இடுப்பு உயர்ந்தும் தலையும் கால்களும் தாழ்ந்தும் இருக்கும்படி செய்வோம்" என்று ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநரிடம் விளக்கியபோது, "தொப்பூர் இறக்கத்துல டிரெய்லர் மடங்கி நிக்குமே, அந்த மாதிரியா டாக்டர்?" என்று கேட்டார். அவர் அறியாமலேயே சரியான பெயரைத் தொட்டுவிட்டார். இழுவை வண்டியும் அதன் பின்பெட்டியும் மடக்குக் கத்தியின் அலகும் பிடியும் போல மடங்கிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் ஜாக்நைஃப் என்று பெயர். எங்கள் அறுவைப் பட்டியலில் அந்தப் படுக்கை நிலைக்கும் அதே பெயர்தான். புள்ளியியலில் அதே பெயரில் ஒரு கணக்கு முறையும் உண்டு. படுக்கை நிலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கணக்கையும் விட முடியவில்லை. காரணம் பின்னால் வரும்.

ஜெர்மன் அறுவை மருத்துவர் பவுல் கிராஸ்கே 1885-இல் வால் எலும்புக்கு மேலுள்ள திருவெலும்புப் பக்கமாக மலக்குடல் கட்டியை அணுகும் முறையை விவரித்தார். குப்புற மடங்கிய இந்த நிலைக்கு அவர் பெயரும் வழங்குகிறது. பின்புறத்தின் இரு பக்கங்களையும் அகலப் பிளாஸ்திரியால் விலக்கி ஒட்டிவிட்டால் அறுவை மருத்துவருக்கு இடம் தெளிவாகத் தெரியும். அந்தப் பகுதி உயர்ந்திருப்பதால் அங்குள்ள இரத்த நாளங்களில் தேக்கம் குறைந்து, கசிவும் குறையும். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் நாள் முழுவதும் குலுங்கிய அமெரிக்கப் படைவீரர்களிடம் பைலோனிடல் சைனஸ் மிகுதியாகக் காணப்பட்டதால் அதை 'ஜீப் நோய்' என்றே அழைத்தார்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்தில் பணிபுரியும் எங்களிடம் அந்த நோயோடு ஓட்டுநர்கள் வந்து நிற்பதில் வியப்பில்லை.

அறுவை மருத்துவருக்கு வசதியான இந்த நிலை நோயாளியின் உடலுக்கு அவ்வளவு வசதியானது அன்று. கால்கள் இதயத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் இரத்தத்தின் ஒரு பகுதி அங்கே தங்கிவிடுகிறது. வயிறு மேசையில் அழுந்தினால், கீழ்ப்பெருஞ்சிரையும் நசுங்கி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மேலும் குறைகிறது. முதுகு ஊசியே இரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கக்கூடியது. அதன்மேல் இதுவும் சேர்கிறது. ஆகவே நெஞ்சுக்கும் இடுப்பெலும்புக்கும் கீழே மெத்தைகள் வைத்து, வயிறு தொங்கலாக நிற்கும்படி செய்கிறோம். இடுப்பெலும்பின் முன்முனை கடினமான விளிம்பில் அழுந்தினால் அவ்வழியே செல்லும் நரம்பு நசுங்கி, தொடையின் வெளிப்பக்கம் வாரக்கணக்கில் மரத்துப்போகலாம். கைகளைத் தலைப்பக்கம் நீட்டி வைக்கும்போது தோளில் 90 பாகைக்கு மேல் விரியவிடுவதில்லை. முழங்கையின் உட்புறத்தில் செல்லும் நரம்புக்குத் தனியே பஞ்சு வைக்கிறோம். ஆண்களுக்கு விதைப்பையும் பெண்களுக்கு மார்பகமும் சிக்கி அழுந்தாமல் இருக்கின்றனவா என்பதைக் கையால் தொட்டே உறுதிசெய்ய வேண்டும். அது கூச்சம் தரும் செயல்தான். ஆனால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவருக்கோ முழு மயக்கத்தில் இருப்பவருக்கோ அங்கே ஏற்படும் வலி தெரியாது என்பதால், கூச்சம் பார்த்து அதைத் தவிர்க்க எங்களுக்கு உரிமை இல்லை.

முதுகு ஊசியோடு விழித்திருப்பவருக்கு ஒரு நன்மை உண்டு. கழுத்து இழுக்கிறது, கை மரக்கிறது, கண் தலையணையில் அழுந்துகிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "டாக்டர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முழு மயக்கத்தில் இருப்பவருக்கோ அந்த வழியும் கிடையாது. மூச்சுக்காக நாங்கள் செலுத்திய குழாய், கண்கள், கழுத்து ஆகிய அனைத்தும் எங்கள் பொறுப்பு. மேசை மடங்கிய நிலையில் அந்தக் குழாய் நழுவினாலோ இதயம் நின்றாலோ அவரை உடனே மல்லாக்கப் புரட்ட வேண்டியிருக்கும் என்பதால், அவர் வந்த டிராலியை அரங்கின் கதவருகிலேயே நிறுத்தி வைப்போம்.

ஊசி போட்ட பிறகும் ஐந்து, பத்து நிமிடம் ஏன் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். சர்க்கரைக் கரைசல் கலந்த அந்த மருந்து தண்டுவட நீரைவிடக் கனமானது. உட்கார்ந்திருக்கும்வரை அது கீழே இறங்கி, ஆசனவாய்ப் பகுதியின் நரம்புகளில் படியும். படிவதற்கு முன்பே படுக்க வைத்து மடக்கினால், உயர்ந்த இடுப்பிலிருந்து தாழ்ந்த தலையை நோக்கி அது ஓடிவிடும்.

இந்த மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பது நீண்டகாலமாக அறியப்பட்டது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று அந்தப் பாதிப்பைத் தணிப்பது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்த முதியவர்களில் சிலருக்குப் பற்களில் கறை தெரிவதோடு, முதுகெலும்பின் தசைநார்களில் சுண்ணம் படிந்து முதுகும் கழுத்தும் இறுகியிருக்கும். அவர்களுக்கு ஊசி நுழைய இடைவெளி கிடைப்பதே கடினம். குப்புறப் படுக்கும்போது கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பவும் இயலாது. "பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவீர்களா, கழுத்தை மட்டும் திருப்புவீர்களா?" என்று நான் கேட்பதன் காரணம் இதுதான். அத்தகையவரை மடக்க முயலாமல், மல்லாக்கக் கால்களைத் தூக்கிக் கட்டியோ, ஒருக்களித்தோ செய்யலாமா என்று அறுவை மருத்துவரோடு பேசுவேன்.

மூட்டு மாற்று, தோள் நழுவிய வரலாறு, கண் அழுத்த நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், சர்க்கரையால் ஏற்கெனவே மரத்த கால் ஆகியவற்றை நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மூக்குத்தி, மெட்டி, அரைஞாண், தாயத்து ஆகியவற்றைக் கழற்றச் சொல்வதும் வீண் கெடுபிடிக்காக அன்று; குப்புறக் கிடக்கும் உடலின் முழுப் பாரத்தோடு ஒரு மணி நேரம் அழுந்தினால் அரைஞாண் கயிற்றின் முடிச்சுகூடத் தோலைப் புண்ணாக்கும்.

இனிக் குறிப்பேட்டுக்கு வருகிறேன். மடக்கிப் படுக்க வைத்த ஒவ்வொருவருக்கும் மேல் இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பதை ஒரு காலத்தில் எழுதி வந்தேன். உண்மையான அளவுகளை இங்கே தருவது முறையன்று என்பதால், கணக்கு புரிவதற்காக ஐந்து பேருக்கு எளிய எண்களை வைத்துக்கொள்வோம்: 8, 10, 12, 10, 40. சராசரி 16. "மடக்கினால் பதினாறு இறங்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த ஐவரில் நால்வருக்கு இறக்கம் 12-ஐத் தாண்டவே இல்லை.

பிரிட்டிஷ் புள்ளியியலாளர் மாரிஸ் குவெனூய் 1949-இலும் 1956-இலும் மதிப்பீடு ஒரே பக்கமாகச் சாயும் பிழையைக் குறைக்க ஒரு வழியை முன்வைத்தார். அமெரிக்கரான ஜான் டூக்கி 1958-இல் அதைக் கொண்டு மதிப்பீட்டின் தடுமாற்றத்தையும், அதாவது வேறு ஆட்களை எடுத்திருந்தால் விடை எவ்வளவு மாறக்கூடும் என்பதையும், அளக்கலாம் என்று காட்டி, எந்த வேலைக்கும் ஓரளவு உதவும் சட்டைப்பைக் கத்தியைப் போன்றது என்ற பொருளில் ஜாக்நைஃப் என்று பெயர் சூட்டினார். முறை எளிது: ஒவ்வொரு தடவையும் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களின் சராசரியைக் காண வேண்டும். முதலாமவரை விட்டால் 18, இரண்டாமவரை விட்டால் 17.5, பிறகு 17, மீண்டும் 17.5; ஐந்தாமவரை விட்டால் 10. இந்த ஐந்து விடைகளின் சராசரி மறுபடியும் 16. அதிலிருந்து ஒவ்வொரு விடையும் விலகும் தொலைவை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 45.5, அதை 4/5-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 6. பதினாறு என்ற மதிப்பீட்டுக்கு ஆறு அளவுக்குத் தடுமாற்றம் என்றால், அதை நோயாளியிடம் உறுதியாகச் சொல்ல வாய் வராது.

சராசரிக்கு வழக்கமான சூத்திரமும் இதே ஆறைத்தான் தரும். தயாரான சூத்திரம் இல்லாத விகிதங்களிலும், இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் தொடர்புக் கெழுக்களிலும்தான் இம்முறையின் பயன் தெரியும். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை எண்ணுக்கு இது பொருந்தாது. ஒருவரை நீக்கும்போது அது ஓரிரு இடங்களுக்குள் மட்டுமே தாவுவதால், கிடைக்கும் தடுமாற்ற அளவை நம்ப முடியாது. 1979-இல் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான், இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடும் பூட்ஸ்டிராப் முறையை அறிமுகப்படுத்திய பிறகு ஜாக்நைஃபின் மவுசு குறைந்தது என்றாலும், கால்குலேட்டர் மட்டும் இருக்கும் ஓய்வறையில் எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

பேருந்து நிலையங்களின் சுவர்களில் "மூலம், பௌத்திரம்: 100 விழுக்காடு குணம்" என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போதும் இந்தக் கத்தியைத் தீட்டிப் பார்க்கத் தோன்றும், ஆனால் இங்கே அது மழுங்கிவிடும். இருபது பேரில் இருபது பேரும் குணமானார்கள் என்றால், யாரை நீக்கினாலும் நூறு விழுக்காடுதான் வரும்; தடுமாற்றம் பூச்சியம் என்று கணக்கு காட்டும். உண்மையில், இருபது பேரில் ஒருவருக்கும் தோல்வி நேராதபோதும், தோல்வி வீதம் 14 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்பதை 95 விழுக்காட்டு நம்பிக்கை வரம்பு அனுமதிக்கிறது. அதோடு, நோய் மீண்டும் வந்து வேறு மருத்துவரிடம் போனவர் அந்த இருபதில் இருக்கிறாரா என்பதும் தெரியாது. பட்டியலில் எழுதப்படாத ஒருவரை எந்தக் கணக்காலும் நீக்கிப் பார்க்க இயலாது.

என் உண்மையான குறிப்பேட்டிலும் அந்த 40-ஐப் போலத் தனித்து நின்ற ஒருவர் இருந்தார்; அவரை நான் நீக்கிவிடவில்லை. அவருடைய பக்கத்தைத் திரும்பப் படித்தேன். மாங்காய் அறுவடை முடியட்டும் என்று நோயைத் தள்ளிப்போட்டு வந்த கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயி அவர். முந்தின இரவு எட்டு மணிக்கு உணவோடு தண்ணீரையும் நிறுத்தியிருக்கிறார். அவருடைய முறை வந்தபோது மறுநாள் பகல் ஒரு மணி. மேசையை மடக்கியதும் அழுத்தம் சரிந்தது. மேசையைச் சமமாக்கி, நீரும் மருந்தும் ஏற்றியதும் மீண்டார். திட உணவுக்கு ஆறு மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி இருந்தால் போதும் என்பதை அவருக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை, நான் உட்பட. இதற்கு நேர்மாறாக, "கூழ் தண்ணிதானே" என்று காலையில் ராகிக் கூழ் குடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. கூழ் உணவுக் கணக்கில்தான் சேரும், அவர்களுடைய அறுவையைத் தள்ளிவைக்க வேண்டியதாகிறது.

இப்போது அந்தக் குறிப்பேட்டின் முதல் பத்தியில் கடைசியாகத் தண்ணீர் குடித்த நேரத்தை எழுதுகிறோம். "நேத்து ராத்திரி" என்று பதில் வந்தால், செவிலியர் என்னைக் கேட்காமலேயே சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டுவிடுகிறார்.