கணினிக்குள் ஒரு தள்ளுவண்டி: முக்கோணம் முதல் எண்ணெய்ப்பிசுக்கு வரை

விண்கலத்தைக் கணினியில் உருவாக்குவதைவிட, தெருவோரம் சாப்பாடு விற்கும் ஒரு தள்ளுவண்டியை உருவாக்குவது கடினம். விண்கலத்தின் கதவு எப்படி இருக்கும் என்று பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. வரைந்தவர் வைத்ததுதான் வடிவம். தள்ளுவண்டி அப்படியில்லை. எல்லோரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். அடுப்புக்குப் பின்னால் தகடு எந்த உயரம் வரை கறுத்திருக்கும், கைப்பிடியில் பெயிண்ட் எங்கே தேய்ந்திருக்கும் என்பதெல்லாம் யோசிக்காமலே அவர்களுக்குத் தெரியும். ஏதாவது ஒன்று பிசகினால், என்ன பிசகு என்று சொல்ல வராது. ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறதே என்று உடனே தோன்றிவிடும். போதாததற்கு மரம், பெயிண்ட் அடித்த இரும்பு, எவர்சில்வர், கண்ணாடி, ரப்பர், தார்பாய், நீராவி என்று ஒளியை ஒவ்வொரு விதமாகக் கையாளும் பொருள்கள் அத்தனையும் இரண்டு மீட்டர் நீளத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. 3டி மாடல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அடிப்படை. கணினிக்குள் இருக்கும் வண்டி வெறும் தோல். சிலிண்டருக்குள் எரிவாயு கிடையாது, மரச்சட்டத்துக்குள் மரம் கிடையாது. வெளியில் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் சொல்லும் மூன்று எண்கள். அந்தப் புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்தால் முக்கோணங்கள். முக்கோணங்கள் சேர்ந்த வலைக்கு மெஷ் என்று பெயர். ஏன் முக்கோணம்? மூன்று புள்ளிகளை எங்கே வைத்தாலும் அவை ஒரே தட்டையான தளத்தில்தான் இருக்கும். நான்காவது புள்ளி சேர்ந்தால் தளம் முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கிய தளத்தில் ஒளி எப்படி விழும் என்பது குழப்பமாகிவிடும். மாடல் செய்பவர்கள் வசதிக்காக நாற்கரங்களில் வேலை செய்வார்கள். திரைக்குப் போகும் கட்டத்தில் கணினி ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்கிக்கொள்ளும்.

சிக்கல் சக்கரத்தில் தொடங்குகிறது. நேர்க்கோடுகளை மட்டும் வைத்து வட்டம் போட முடியாது, நெருங்கத்தான் முடியும். 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தை 16 பக்கங்களில் செய்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மையான வட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 6 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும். 32 பக்கங்கள் என்றால் பிழை சுமார் 1.4 மி.மீ., 64 என்றால் 0.36 மி.மீ. பக்கங்களை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் பிழை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பத்தடி தள்ளி நின்று பார்க்கும் வண்டிக்கு 32 போதும். கேமரா சக்கரத்தின் பக்கத்திலேயே போய் நிற்கும் என்றால் 64 வேண்டும்.

சக்கரத்தின் ஓரம் சரியாகிவிட்டது, ஆனால் அதன் மேற்பரப்பு பட்டை பட்டையாகத் தெரியாதா? தெரியாமல் இருக்க ஒரு தந்திரம் உண்டு. 1971இல் ஹென்றி கூரோ, தளத்துக்குத் தளம் வெளிச்சத்தைக் கணக்கிடாமல் மூலைப்புள்ளிகளில் கணக்கிட்டு, இடையில் படிப்படியாகக் கலக்கும் முறையைச் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில் பூய் துவோங் ஃபோங், தளம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையே இடையில் கலந்து, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைக் கணக்கிட்டார். இருவரும் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். இன்றைய கணினி வரைகலையின் பாதி அடித்தளம் அங்கே, அந்தச் சில ஆண்டுகளில் போடப்பட்டது. பட்டையான சக்கரத்தை இந்தக் கணக்கு வழவழப்பாகக் காட்டிவிடும். ஓரக்கோட்டில் மட்டும் செல்லாது. பின்னணியோடு பொருள் பிரியும் அந்தக் கோட்டில் உண்மையான வடிவம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதிலிருந்துதான் மாடல் செய்பவர் நாள் முழுவதும் எடுக்கிற முடிவு பிறக்கிறது: எந்த விவரத்தை வடிவமாகச் செய்வது, எதைப் படமாக ஒட்டுவது? ஓரக்கோட்டை மாற்றுவது எதுவோ அது வடிவமாக இருக்க வேண்டும். சக்கரத்தின் ஆரக்கம்பி, கூரையைத் தாங்கும் குழாய், தொங்கும் கரண்டி, தார்பாயின் கிழிந்த ஓரம் எல்லாம் இந்த வகை. ஒளி படும்போது மட்டும் தெரியும் மேடுபள்ளங்கள், அதாவது மரத்தின் ரேகை, தகட்டின் சின்ன நசுங்கல், வெல்டிங் தழும்பு போன்றவை, வடிவமாக இருக்கத் தேவையில்லை. அப்புறம் துரு, கறை, எண்ணெய்ப்பிசுக்கு. இவை மேற்பரப்பின் நிறத்தையும் பளபளப்பையும் மட்டுமே மாற்றுகின்றன. வண்டியைத் தத்ரூபமாக்குவது என்றால் முக்கோணங்களைக் கொட்டிக் குவிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த விவரம் எந்த அடுக்கில் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் பத்தில் ஒரு பங்கு முக்கோணத்தில் அதைவிட நல்ல வண்டியைச் செய்துவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: விளிம்பு. கணினியில் ஒரு பெட்டியை உருவாக்கினால் அதன் இரண்டு பக்கங்களும் கத்தி முனையைவிடக் கூர்மையாகச் சந்திக்கும். உலகத்தில் அப்படி ஒரு விளிம்பே கிடையாது. மடித்த தகட்டின் ஓரமும் அறுத்த பலகையின் ஓரமும் கொஞ்சமாவது உருண்டிருக்கும். அந்த உருண்ட இடம் எல்லாத் திசைகளையும் கொஞ்சம் கொஞ்சம் பார்ப்பதால், விளக்கு எங்கே இருந்தாலும் அதில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு விழும். பெவல் என்கிற கருவியால் விளிம்பை மழுக்கி இரண்டு மூன்று வரிசை தளங்களைச் சேர்த்தால் போதும், அட்டையாக இருந்த பெட்டி தகரமாகிவிடும்.

சரி, படத்தை எப்படி ஒட்டுவது? வளைந்த பொருளின் மேல் படத்தைப் போர்த்தும் முறையை எட்வின் கேட்மல் 1974இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கினார். இவரும் யூட்டாதான். மெஷ்ஷைச் சில விளிம்புகளில் வெட்டி, அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரிப்பதுபோல் தட்டையாக்குகிறார்கள். விரித்த பரப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் யூ, வி என்று இரண்டு எண்கள் கிடைக்கும். படத்தின் எந்த இடம் வண்டியின் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று அவை சொல்லும். வண்டியின் பக்கப்பலகை சிரமமில்லாமல் விரியும். வாணலியின் அடிப்பாகம் விரியாது. கோளத்தின் ஒரு துண்டைக்கூட இழுபடாமல் தட்டையாக்க முடியாது என்று 1827இலேயே கணிதமேதை காஸ் நிறுவிவிட்டார். உலக வரைபடம் வரைபவர்களைப் படுத்துகிற அதே சிக்கல்தான் வாணலியிலும். அதனால் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வெட்டி, இழுப்பை அங்கே ஒளித்து வைப்பார்கள்.

படத்தின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 4096க்கு 4096 அளவுள்ள ஒரு படத்தில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. சுருக்காமல் வைத்தால் நிறத்துக்கு மட்டும் சுமார் 50 மெகாபைட். அதன் முழு அகலத்தையும் இரண்டு மீட்டர் பலகைக்கே கொடுத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு புள்ளிதான் கிடைக்கும். பலகையில் எழுதிய எழுத்துக்கு இது போதும், கரண்டி உரசிய கீறலுக்குப் போதாது. கீறல்களுக்கென்று தனியாக ஒரு சிறிய படம் செய்து, அதையே திரும்பத் திரும்பப் பரப்பி மேலே கலந்துவிடுவது வழக்கம்.

மேடுபள்ளங்களுக்கு வழி சொன்னவர் ஜிம் பிளின். வடிவத்தைத் தொடாமல், ஒளியைக் கணக்கிடும் நேரத்தில் மட்டும் தளத்தின் திசையைச் சற்றே அசைத்துவிட்டால் சுருக்கமும் சொரசொரப்பும் இருப்பதாகக் கண் நம்பிவிடும் என்று 1978இல் காட்டினார். இன்று அந்தத் திசைகளை ஒரு படமாகவே சேமிக்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மூன்று அச்சுகளைக் குறிக்கும். அசைவே இல்லாத தட்டையான இடம் 128, 128, 255 என்று வருவதால் நார்மல் மேப் எனப்படும் அந்தப் படம் முழுக்க இளம் ஊதா கலந்த நீலமாக இருக்கும். வேலை நடக்கும் விதம் இது: முதலில் ஒவ்வொரு ஆணியையும் நசுங்கலையும் உண்மையான வடிவமாகச் செதுக்கி, கோடிக்கணக்கான முக்கோணங்களோடு ஒரு வண்டியைச் செய்வார்கள். பிறகு எளிமையான இன்னொரு வண்டியை அதே இடத்தில் வைத்து, கனமான வண்டியின் திசைகளைப் படத்தில் பதிந்துகொள்வார்கள். இதற்கு பேக்கிங் என்று பெயர். பதிந்து முடிந்ததும் கனமானதை ஓரமாக எடுத்து வைத்துவிடலாம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: பொருள்கள். ஒளியின் கண்ணோட்டத்தில் உலகத்தில் பெரும்பாலும் இரண்டே சாதி, உலோகம், உலோகமல்லாதது. மரம், பெயிண்ட், பிளாஸ்டிக், கண்ணாடி எதுவானாலும், நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத்தான் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போய், அலைந்து, பொருளின் நிறத்தோடு வெளியே வரும், அல்லது கண்ணாடியில் போல ஊடுருவிப் போய்விடும். உலோகம் உள்ளே போன ஒளியை விழுங்கிவிடும். உள்ளிருந்து வெளியே வரும் நிறம் அதற்கு இல்லை, பிரதிபலிப்புதான் எல்லாம். இரும்பு பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும், அலுமினியம் 90 சதவீதம் வரை. பார்வை சாயச் சாய எல்லாப் பொருளுமே முகம் பார்க்கும் கண்ணாடியாகிக்கொண்டு வரும்.

இதை ஒரு இரும்புக் குழாயில் பொருத்திப் பாருங்கள். பெயிண்ட் இருக்கும் இடம் உலோகமல்லாதது. கைபட்டுப் பெயிண்ட் உரிந்த இடம் உலோகம். அதன் ஓரத்தில் பிடித்த துரு ஆக்சைடு, ஆகவே மறுபடியும் உலோகமல்லாதது. ஒரே குழாயில் மூன்று அங்குலத்துக்குள் மெட்டாலிக் என்கிற அளவு 0, 1, 0 என்று தாவ வேண்டும். துருவையும் உலோகமாகவே விட்டுவிட்டால் அது செம்புப் பூச்சுபோல மின்னும். அடுத்தது ரஃப்னஸ், அதாவது மேற்பரப்பின் சொரசொரப்பு. கரி படிந்த தகடு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் மங்கலாகத் தெரியும். அதே கரியின் மேல் எண்ணெய் தெறித்தால் அந்தத் துளி மட்டும் பள்ளங்களை நிரப்பி வழவழப்பாக்கிவிடும். நிறம் அப்படியே இருக்கும், பளபளப்பு மட்டும் மாறும். பிசுக்கு என்று கண் உணர்வது இதைத்தான். டிஸ்னி அனிமேஷனைச் சேர்ந்த பிரெண்ட் பர்லி 2012இல் இப்படிப்பட்ட ஒரு சில எண்களை வைத்தே ஏறக்குறைய எல்லாப் பொருளையும் விவரிக்கும் மாதிரியை வெளியிட்டார். இலவச மென்பொருளான பிளெண்டர் உட்படப் பல கருவிகளில் இன்று அதன் வழி வந்த அமைப்புதான் இருக்கிறது.

எவர்சில்வர் மூடிக்கு இன்னொரு எண் தேவை. அதை வட்ட வட்டமாகத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்கள் ஒளியைக் குறுக்குவாட்டில் மட்டும் பரப்புவதால், விளக்கின் பிரதிபலிப்பு பொட்டாக விழாமல், நடுவிலிருந்து ஓரம் வரை இரண்டு பக்கமும் விசிறிபோல் விரியும். மூடியைத் திருப்பினாலும் விசிறி திரும்பாது. இதைச் சரியாகச் செய்த மூடி ஒன்று இருந்தால் போதும், வண்டி முழுவதும் நம்பும்படி ஆகிவிடும் என்பது என் அனுபவம். ஆனால் சுற்றி எதுவுமில்லாத வெற்றிடத்தில் எவர்சில்வரை வைத்தால் அது செத்துப்போய்ச் சாம்பலாகத் தெரியும். பிரதிபலிக்க வானமும் தெருவும் வேண்டும்.

தேய்மானத்தைத் தானாகப் போட்டுத் தரும் கருவிகள் இருக்கின்றன. எந்த இடம் புடைத்திருக்கிறது, எந்த இடம் இடுக்கு என்று கணக்கிட்டு, புடைப்பில் பெயிண்டை உரித்து இடுக்கில் அழுக்கைத் திணிக்கும். தொடக்கத்துக்கு நல்லது, அதோடு நிறுத்துவது பெரிய தவறு. வண்டியின் எல்லா ஓரமும் ஒரே மாதிரி தேயாது. தள்ளுபவர் கை வைக்கும் இரண்டு இடங்களில் கைப்பிடி பளபளக்கும், நடுவில் பெயிண்ட் புதிதாக இருக்கும். கரண்டி வைக்கும் பக்கம்தான் சொட்டுக்கறை கீழே வழியும். சக்கரம் வாரியடிக்கும் சேறு பலகையில் ஒரு உயரத்துக்கு மேல் ஏறாது. அந்த வண்டியில் ஒருவர் எப்படி நின்று வேலை செய்கிறார் என்று தெரியாமல் அதற்குக் கறை போட முடியாது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் உண்மையான வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கணினியையே வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லலாமே? செய்யலாம். மரத்துக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் அந்த முறை அருமையாக வரும். ஒரு புள்ளி எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் அதன் அடிப்படை அனுமானம். எவர்சில்வரில் பளபளப்பு நம்மோடு சேர்ந்து நகர்வதால் கணக்கு குழம்பி, பாத்திரம் ஓட்டையும் ஒடுக்குமாக வெளிவரும். பளபளப்பை மறைக்கப் பொடி தூவிப் படமெடுப்பது உண்டு. அடுப்பு எரியும் வண்டியில் யாரும் அதற்கு இடம் கொடுக்க மாட்டார்கள்.

கடைசியில் வெளிச்சம். நீல நிறத் தார்பாயின் கீழ் நிற்கும் எதற்கும் நீலம் ஏறும்; வெயில் துணியை ஊடுருவி, நிறம் வடிகட்டப்பட்டுக் கீழே இறங்கி, பாத்திரத்தில் பட்டு, அங்கிருந்து பலகைக்குப் போகிறது. இப்படி ஒளி துள்ளித் துள்ளிப் போவதை ஒரே சமன்பாட்டில் 1986இல் ஜேம்ஸ் கஜியா எழுதினார். அதை நேரடியாகத் தீர்க்க வழியில்லை என்பதால், ஒவ்வொரு திரைப்புள்ளியிலிருந்தும் சீரற்ற திசைகளில் கதிர்களை அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். கதிர் குறைந்தால் படத்தில் பொரி பொரியாகப் புள்ளிகள் தெரியும். அந்தப் பொரியைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும், கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு.

நீராவிக்கு மேற்பரப்பே இல்லாததால் மேற்பரப்பைப் பற்றி இதுவரை சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. அது மிகச்சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். அத்துளிகள் தம்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சிதறவிடும். அதனால் விளக்கு ஆவிக்குப் பின்னால் இருந்தால் ஆவி பளிச்சென்று எழும்பித் தெரியும், நம் பக்கம் இருந்தால் மங்கலாகத்தான் தெரியும். வீடியோ கேமில் இவ்வளவு கணக்குக்கு நேரம் கிடையாது. கேமராவை நோக்கித் திரும்பி நிற்கும் சில அரைகுறையாக ஊடுருவித் தெரியும் படங்களை அடுக்கிச் சமாளிப்பார்கள். அந்தப் படம் பாத்திரத்தை வெட்டும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு விழும். அதைத் தவிர்க்க, பின்னால் இருக்கும் பாத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு புள்ளியிலும் பார்த்து, நெருங்க நெருங்க ஆவியை மங்கலாக்கிவிடுகிறார்கள்.