லோகோவை மறைத்தாலும் தெரியும்: சொகுசு காரின் வளைவுகளும் வெளிச்சமும்

"லோகோவை மறைத்துவிட்டால்கூட ஒரு சொகுசு காரைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிட முடிகிறது. அது எப்படி? எல்லாம் தங்க விகிதத்தில் செய்கிறார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

தங்க விகிதத்தை, அதாவது அழகின் சூத்திரம் என்று சொல்லப்படும் 1.618-க்கு 1 என்ற விகிதத்தை, முதலில் முடித்துவிடலாம். ஒரு காரில் அளப்பதற்கு எவ்வளவோ இடங்கள் உண்டு: மொத்த நீளம், உயரம், சக்கரங்களுக்கு இடையிலான தூரம், பானட், டிக்கி, கதவு, ஜன்னல். எதை எதோடு வேண்டுமானாலும் வகுக்கலாம் என்றால் 1.618-ஐ ஒட்டிய ஒரு ஜோடி எங்கேயாவது அகப்படத்தான் செய்யும். ஜெர்மன் உளவியலாளர் குஸ்டாவ் ஃபெக்னர் 1870-களில் பலவகைச் செவ்வகங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று மக்களிடம் கேட்டார். தங்க விகிதச் செவ்வகத்துக்குத்தான் அதிக ஓட்டு விழுந்தது. பிறகு வந்தவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவு ஒருபோல வரவில்லை. புது வண்டிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை நான் பெரிதுபடுத்துவதில்லை. பழம் நசுங்கியதும் அது முடிந்துவிடும். கணக்கு வேஷம் போட்டு வரும் மூடநம்பிக்கைதான் எனக்கு எரிச்சல்.

வாசகருக்கான பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று வண்டியின் அளவுப் பொருத்தம், இன்னொன்று அதன் தோல், அதாவது பளபளக்கும் வெளிப்பரப்பு.

பொருத்தத்தில் முக்கியமானது, முன் சக்கரத்தின் மையத்துக்கும் முன் கதவு தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம். சிறிய கார்களில் இன்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸையும் அதன் பக்கத்திலேயே சேர்த்து, முன் சக்கரங்களை ஓட்டுகிறார்கள். இந்த மொத்த மூட்டையும் பெரும்பாலும் அச்சுக்கு முன்னால் உட்காருவதால் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு, கதவை ஒட்டி வந்துவிடுகிறது. இன்ஜினை நெடுக்காக வைத்துப் பின் சக்கரங்களை ஓட்டினால் முன் அச்சை மூக்கு வரை நகர்த்தலாம். அப்போது சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நல்ல இடைவெளி கிடைக்கும். ஆறு, எட்டு, பன்னிரண்டு சிலிண்டர் என்று நீளமான இன்ஜின்களை இப்படித்தான் வைத்தார்கள். அவற்றை வாங்கியவர்கள் பணக்காரர்கள். நூறு வருடமாகப் பார்த்துப் பார்த்து, அந்த இடைவெளியே நமக்குப் பணத்தின் அடையாளம் ஆகிவிட்டது. ஆடியில் இன்ஜின் நெடுக்காக இருந்தாலும் அச்சுக்கு முன்னால் தொங்கியது. அதனால் மூக்கு நீண்டு, சக்கரம் உள்வாங்கித் தெரியும். 2007-இல் வந்த ஏ5 மாடலில், இன்ஜினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை கிளட்சுக்கு முன்னால் கொண்டுவந்து, முன் அச்சை ஏறத்தாழ 15 செ.மீ. முன்னே நகர்த்தினார்கள். அந்தப் பதினைந்து சென்டிமீட்டரில் வண்டியின் களையே மாறியது.

அடுத்தது சக்கரம். 2003-இல் வந்த ரோல்ஸ்ராய்ஸ் ஃபேண்டமின் டயர் விட்டம் 79 செ.மீ., வண்டியின் உயரம் சுமார் 1.63 மீட்டர். கிட்டத்தட்ட பாதி. ஒரு சாதாரண செடானில் 185/65 ஆர்15 டயர் இருந்தால் விட்டம் 62 செ.மீ., உயரம் ஒன்றரை மீட்டர். ஐந்தில் இரண்டு பங்குதான். நம் நாட்டில் 2006 முதல் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. அந்த வரம்புக்காக டிக்கியை வெட்டிய செடான்களைப் பார்த்தால், பொருத்தத்தை வரிச் சட்டமும் தீர்மானிக்கும் என்பது புரியும்.

மின்சாரக் கார்களில் நீளமான இன்ஜினே கிடையாது. ஆகவே நீண்ட பானட்டுக்குப் பொறியியல் காரணமும் கிடையாது. மெர்சிடிஸ் 2021-இல் துணிந்து இ.க்யூ.எஸ். என்ற மின்சாரக் காரை ஒரே வில் போல வளைத்து, காற்றுத்தடைக் கெழுவை (இது குறையக் குறைய வண்டி காற்றைச் சுலபமாகக் கிழிக்கும்) 0.20-க்கு இறக்கியது. அசத்தலான எண்தான். ஆனால் சோப்புக் கட்டி என்று கேலி வந்தது. பிறகு 2024-இல் பானட் மேல் பழைய நிற்கும் நட்சத்திரத்தையே திரும்ப வைத்தார்கள். ரோல்ஸ்ராய்ஸின் மின்சாரக் காரான ஸ்பெக்டர் பழைய நீண்ட பானட்டை அப்படியே வைத்துக்கொண்டது. அடியில் இன்ஜின் இல்லாவிட்டாலும் நம் கண் அதைத்தான் தேடுகிறது.

இதெல்லாம் பழக்கம். தோல் விஷயம் அப்படியல்ல, அது சுத்தமான இயற்பியல். எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

பளபளப்பான காரைப் பார்க்கும்போது நாம் உலோகத்தைப் பார்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வானம், தரை, எதிர்க்கட்டடம், தெருவிளக்கு ஆகியவற்றை ஒரு வளைந்த கண்ணாடியில் பார்க்கிறோம். கதவின் மேல்பகுதி கொஞ்சம் வானத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதால் அங்கே வெளிச்சம். கீழ்ப்பகுதி தரையை நோக்கிச் சாய்ந்திருப்பதால் அங்கே இருட்டு. இரண்டும் சந்திக்கும் கோடு, தொடுவானத்தின் பிம்பம். முகப்பு விளக்கிலிருந்து பின் விளக்கு வரை ஒரே இழுப்பாக, எங்கும் தடுக்காமல் ஓடும் அந்தக் கோட்டை உலோகத்தில் யாரும் வரையவில்லை.

பள்ளியில் படித்ததுதான்: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். அதனால் கண்ணாடி 1 டிகிரி சாய்ந்தால் எதிரொளித்த கதிர் 2 டிகிரி திரும்பும். இந்த இரட்டிப்பு எவ்வளவு பொல்லாதது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கதவில் 10 செ.மீ. அகலத்துக்கு, 0.1 மி.மீ. ஆழத்தில் ஒரு மென்மையான பள்ளம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளின் கனம்தான்; தடவிப் பார்த்தால் பலருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பள்ளத்தின் சரிவு அதிகபட்சம் 0.18 டிகிரி வரும். கதிர் அதைப் போல இரண்டு மடங்கு, 0.36 டிகிரி திரும்பும். 20 மீட்டர் தள்ளி ஒரு விளக்குக் கம்பம் இருந்தால், நாம் பார்க்கும் புள்ளி அங்கே 12 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். நேராக இருக்க வேண்டிய கம்பம் கதவில் நெளிந்து தெரியும். டிங்கரிங் செய்து பட்டி போட்ட வண்டியை, பழைய கார் வாங்குகிறவர்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது இதற்காகத்தான்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். பிளஸ் டூ கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கதவின் குறுக்குவெட்டை ஒரு வளைகோடாக எடுத்துக்கொண்டால், ஒரு புள்ளியில் எந்தப் பொருளின் பிம்பம் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது அங்குள்ள சரிவு, அதாவது முதல் வகைக்கெழு. பளபளப்பான பரப்பு நமக்குத் தன் வடிவத்தை வகையிட்டே காட்டுகிறது! ஒரு நேர்கோட்டையும் ஒரு வட்டவில்லையும் தொடுகோடாக ஒட்டினால் விரலுக்கு எந்த முனையும் தட்டுப்படாது. மேட் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் வளைமை, அதாவது கோடு எவ்வளவு வளைகிறது என்ற அளவு, பூஜ்யத்திலிருந்து திடீரென்று தாவுகிறது. நேர்ப்பகுதி சமதளக் கண்ணாடி, அதில் பிம்பம் முழு அளவில் இருக்கும். வில்பகுதி குவிஆடி, அதில் பிம்பம் சுருங்கும். இரண்டும் ஒட்டிய இடத்தில், மேலே ஓடும் விளக்குக் கோடு முறிந்து திரும்பும். ரயில் பாதையில் நேர்த் தண்டவாளத்தோடு வட்டவில்லை நேரடியாக இணைத்தால் பயணிகள் ஒரு பக்கமாக உதறப்படுவார்கள். அதற்காக நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வளைவு கூடும் பாதையைப் போடுகிறார்கள். கார் உடலிலும் அதே வைத்தியம்தான்.

வடிவமைப்புக் கூடங்களில் இதற்கு ஜி-1, ஜி-2, ஜி-3 என்று தரம் பிரித்துப் பேசுவார்கள். சரிவு மட்டும் ஒட்டினால் ஜி-1. வளைமையும் ஒட்டினால் ஜி-2. அப்போது பிம்பக் கோடு முறியாது. வளைமை மாறும் வேகமும் ஒட்டினால் ஜி-3. அப்போது பிம்பக் கோடு இணைப்பைத் தாண்டும்போது அதன் வளைவுகூடச் சட்டென்று மாறாது. கணினியில் வரைந்த பரப்பின் மேல் வரிக்குதிரைக் கோடுகளை ஓடவிட்டு, எங்கே நெளிகிறது என்று பார்ப்பார்கள். மூளையும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது போலிருக்கிறது. ரோலண்ட் ஃபிளெமிங், அந்தோனியோ டொரால்பா, எட்வர்ட் அடெல்சன் மூவரும் 2004-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பிம்பம் எந்தத் திசையில் நசுங்கியிருக்கிறது என்ற தகவலை வைத்தே, பளபளப்பான பொருளின் வடிவத்தை நாம் ஊகிக்க முடிகிறது என்று அதில் காட்டினார்கள். வளைவு அதிகமான திசையில் பிம்பம் நசுங்கும், குறைவான திசையில் நீளும்.

இந்த வளைகோட்டுக் கணிதம் பிறந்ததே கார் கம்பெனிகளில்தான். பால் டி காஸ்டல்ஜோ என்ற இளம் கணிதவியலாளரை சிட்ரோயன் வேலைக்கு எடுத்தது. 1959-இல் அவர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். நாலைந்து புள்ளிகளை நகர்த்தி எந்த வளைவையும் கட்டுப்படுத்தலாம். கம்பெனி அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. சில ஆண்டுகளில் ரெனோவில் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, வெளிப்படையாக எழுதினார். பெயர் அவருக்குப் போனது. நீங்கள் இப்போது படிக்கும் இந்தத் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றின் விளிம்பும் பெசியே வளைகோடுதான். கார் கதவுக்காகச் செய்த கணக்கு 'ழ'வின் சுழிக்கு வந்து சேரும் என்று எந்த நிதிக் குழுவும் 1959-இல் சொல்லியிருக்க முடியாது. நம் ஊரில் கணிதத் துறை ஒரு ஆய்வுக்குப் பணம் கேட்டால், 'இதனால் என்ன பயன், எத்தனை மாதத்தில்' என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் ஒழியும்வரை இப்படிப்பட்ட கணக்கு இங்கே முளைப்பது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

கணினி வந்த பிறகும் கூடங்களில் முழு அளவுக் களிமண் மாதிரி செய்வதை விடவில்லை. களிமண் பளபளக்காது, அதனால் அதன் மேல் மெல்லிய படலத்தை இழுத்து ஒட்டி, பெயிண்ட் அடித்தது போல ஆக்கி, வெளியே கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்க்கிறார்கள். ஜாகுவாரை நிறுவியவர்களில் ஒருவரான வில்லியம் லயன்ஸ் மாதிரிகளைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, வெட்டவெளியில் நிறுத்திப் பார்ப்பாராம். வானம் இல்லாத அறையில் காரின் தோலை எடைபோட முடியாது என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், முழுத் தட்டையான பரப்பு கண்ணுக்குக் கொஞ்சம் குழிந்தது போலத் தெரியும். அதற்காகப் பெரிய பரப்புகளை லேசாகப் புடைக்க வைப்பார்கள். ரோல்ஸ்ராய்ஸின் முன் கிரில் நேர்கோடுகளால் ஆனது போலிருக்கும், ஆனால் அவற்றை லேசாகப் புடைக்கச் செய்திருக்கிறார்கள். கிரேக்கக் கோயில் தூண்களில் செய்த அதே வித்தை.

இனி என் சொந்த ரசனை. 1979-இல் வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோ தலைமையில் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ126 எஸ்-கிளாஸை மிஞ்சிய செடான் இல்லை என்பது என் கட்சி. பக்கவாட்டில் பெரிதாக ஒன்றுமே நடக்காது. ஜன்னலுக்குக் கீழே ஒரு தோள், ஒரு கோடு, அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. வெளிச்சம் அவசரமில்லாமல் நகரும். 2000-களின் தொடக்கத்தில், வடிவமைப்புத் தலைவர் கிறிஸ் பேங்கிள் காலத்து பி.எம்.டபிள்யூ.க்கள் எதிர்த் திசையில் போயின. இசட்4 போன்றவற்றில் குவிந்த பரப்பும் குழிந்த பரப்பும் மாறி மாறி வர, பிம்பங்கள் தீ நாக்கு போலத் திருகின. அது பெரிய சாதனை. அதற்கான அச்சுகளைச் செய்வது லேசுப்பட்ட வேலையில்லை. ஆனாலும் என் கண்ணுக்கு அது வாயை மூடாத ஆள். இப்போதைய ராட்சத கிரில்களைப் பற்றிக் கேட்காதீர்கள். பரப்பை ஒழுங்காகச் செய்வது கஷ்டம், ஓட்டையைப் பெரிதாக்குவது சுலபம்.

அப்புறம் நிறம். பெயிண்டுக்கு மேலே உள்ள கிளியர்கோட் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. நேராக விழும் வெளிச்சத்தில் அது சுமார் 4 சதவீதத்தைத்தான் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். வெள்ளைக் காருக்கும் கறுப்புக் காருக்கும் இந்த 4 சதவீதம் ஒன்றுதான். ஆனால் வெள்ளையின் அடியில் இருக்கும் நிறமி மிச்ச வெளிச்சத்தில் பெரும்பகுதியை எல்லாத் திசையிலும் இறைத்துவிடுவதால், அந்த 4 சதவீதப் பிம்பம் அதில் மூழ்கிப்போகிறது. கறுப்பில் அடியிலிருந்து ஏறக்குறைய எதுவும் வராது. தெரிவது பிம்பம் மட்டும். எனவே நல்ல தோல் கறுப்பில் அற்புதமாகத் தெரியும், மோசமான பட்டி வேலையும் கறுப்பில்தான் காட்டிக்கொடுக்கும். ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் எதிரொளிப்பு சரசரவென்று ஏறும். அப்போது வெள்ளைக் காரிலும் கோடு புலப்படும். கறுப்பின் மேல் ஒரு நாள் தூசி படிந்தாலே அது வெளிச்சத்தை இறைக்கத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு கறுப்பால் பயனில்லை. தினம் காலையில் துடைக்க ஆள் இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு அடர் சாம்பல் மெட்டாலிக். அதில் பரப்புக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்கும் அலுமினியச் செதில்கள் வெளிச்சத்தைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பி, தோளையும் வளைவையும் படிப்படியாகக் காட்டும். தூசியும் சட்டென்று தெரியாது.