எனர்ஜி: எரிசக்தி அன்று, ஆற்றல்

‘எரிசக்தித் துறையில் இன்டர்ன்ஷிப் நேர்காணலுக்குத் தயாராவது எப்படி?’ பர்கூர், செட்டிக்கரை பொறியியல் மாணவர்கள் கையில் கிடைக்கும் தமிழ்க் குறிப்பு எதைப் புரட்டினாலும் எனர்ஜிக்கு ‘எரிசக்தி’ என்ற சொல்தான். அரசுத் துறையின் பெயரே அப்படி இருப்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

எனர்ஜி கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘எர்கோன்’ என்றால் வேலை. 1807இல் வெளியான தம் விரிவுரைகளில் ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் யங் அதை இயற்பியல் பொருளில் ஆண்டார். தமிழில் ‘ஆற்று’ என்றால் செய். பணியாற்று, கடமையாற்று என்கிறோமே, அதுதான். ‘ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்’ என்பது 225ஆம் குறள். வேரிலேயே வேலை இருக்கும் சொல் கைவசம் இருக்க, வடமொழிச் ‘சக்தி’யோடு ‘எரி’யை ஒட்டவைக்க என்ன தேவை வந்தது?

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. அருகிலேயே அணை மின்நிலையத்தில் நீர் பாய்கிறது, சுழலி சுற்றுகிறது, எரிவது ஒன்றுமில்லை. காற்றாலையிலும் அப்படியே. சூரியன் எரிகிறதே என்பார்கள். அங்கே நடப்பது எரிதல் அன்று, அணுக்கருப் பிணைவு. ஆக்சிஜனுக்கு அதில் வேலையே இல்லை. ‘புதுப்பிக்கத்தக்க எரிசக்தி’ என்பது இன்னும் மோசம்: எரிந்து தீர்ந்ததை எப்படிப் புதுப்பிப்பது? எரிப்பதைக் குறிக்க எரிபொருள் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆற்றல் என்பது திறமையையும் குறிக்கும், குழப்பும் என்பது எதிர்வாதம். சக்தி மட்டும் என்ன, அம்மனையும் குறிக்கிறது, யாரும் குழம்பவில்லை.

பள்ளிப் பாடநூல் இதில் தெளிவாக இருக்கிறது: எனர்ஜி ஆற்றல், பவர் திறன். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளை இதைச் சரியாகக் கற்றுக்கொள்கிறது. பிறகு மொழிபெயர்ப்பாளர்கள் மின்சக்தி, எரிசக்தி, மின்திறன் என்று மூன்றையும் ஒரே பத்தியில் மாற்றி மாற்றிப் போட்டு, படித்ததைக் கலைத்துவிடுகிறார்கள். ‘நாளொன்றுக்கு 10 மெகாவாட் உற்பத்தி’ என்று அச்சாவது இதனால்தான். மெகாவாட் திறனின், அதாவது வேலை நடக்கும் வேகத்தின், அலகு. அதற்கு ‘நாளொன்றுக்கு’ ஒட்டாது.

நேர்காணலில் மாணவர் தடுக்கி விழுவதும் இங்கேதான். 5 எச்பி போர் மோட்டார் 4 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் (கிலோவாட் மணி)? ஒரு எச்பி 746 வாட், ஆகவே 3.73 கிலோவாட், நான்கு மணி நேரத்துக்கு 14.9 யூனிட் என்பதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள எச்பி, தண்டில் வெளிவரும் திறன். மோட்டாரின் பயனுறுதிறன், அதாவது வாங்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு, 85 விழுக்காடு என்றால் மீட்டரில் ஏறுவது ஏறத்தாழ 17½ யூனிட். அடுத்து, 5 கிலோவாட் கூரை சோலார் நாளுக்கு எவ்வளவு தரும்? 24ஆல் பெருக்கி 120 என்றால் போச்சு. நம் வெயிலுக்குக் கிலோவாட்டுக்கு நாலு யூனிட் வைத்து 20 என்பதே நடைமுறைக் கணக்கு.

போச்சம்பள்ளி, ஓசூர்ப் பக்கம் மின்ஸ்கூட்டர் ஆலைகளுக்குப் போகிறவர்கள் ‘3 கிலோவாட் பேட்டரி’ என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது. பேட்டரியில் இருப்பது ஆற்றல்: 3 கிலோவாட் மணி. மோட்டார் 3 கிலோவாட் இழுத்தால் ஒரு மணி நேரம் வரும், ஒன்றரை இழுத்தால் இரண்டு மணி நேரம்.