குவாசிஹைட்ரோடைனமிக்ஸ்: கசிவையும் கணக்கில் சேர்த்தால்

இயற்பியலில் ஒரு கொள்கையின் பெயர் இது. நீளம்தான், பிரித்தால் பயமில்லை. ‘ஹைடோர்’ கிரேக்கத்தில் தண்ணீர், ‘டைனமிஸ்’ வலிமை. டேனியல் பெர்னூலி 1738இல் தன் நூலுக்கு ‘ஹைட்ரோடைனமிகா’ என்று பெயர் வைத்தார். முன்னால் நிற்கும் ‘குவாசி’ லத்தீன்; ‘போல’ என்று பொருள்.

அதென்ன போல? கீழ்பவானி வாய்க்கால் கரைக்கு வாருங்கள். பவானிசாகர் அணையில் திறக்கிற தண்ணீர் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. மண் வாய்க்கால், வழியெல்லாம் கசிவு. “பாதி வழியில மண்ணே குடிச்சுப்போடுதுங்க” என்பது கடைமடைக்காரர் குறை. அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறு ஊறுகிறது என்பார் கரையோரத்தார். கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற சண்டையே இதில்தான்.

பாய்மங்களின், அதாவது திரவம், வாயு போல ஓடுகிறவற்றின், கொள்கைக்கும் இதே தொல்லை. துகள்கள் மோதிக்கொள்வதில் ஏறக்குறைய எல்லா விவரமும் கண்ணிமைப்பதற்குள் கலைந்துவிடும். ஆற்றல், உந்தம், மின்னூட்டம் போல அழியாதவை மட்டும் மிஞ்சும். சமன்பாடு அவற்றை வைத்துத்தான். சரி, அழியாதது போல இருந்தும் மெல்ல மெல்லக் கசிகிற அளவு ஒன்று இருந்தால்? கிராபீன் என்கிற, ஒரே அணு தடிமனுள்ள கரித் தகட்டில் எலக்ட்ரான்கள் தங்களுக்குள் அடிக்கடி மோதுகின்றன. அதில் மொத்த உந்தம் குறைவதில்லை. எப்போதாவது ஒன்று மாசிலோ படிக அதிர்விலோ முட்டும்போதுதான் கொஞ்சம் உந்தம் வெளியே போகிறது. (அவை தேன்போலப் பிசுபிசுத்து ஓடுவதற்கான தடயங்கள் 2016இல் சோதனைகளில் கிடைத்தன.) அந்தக் கசிவுக்கு ஓர் ஆயுட்காலம் கொடுத்துச் சமன்பாட்டிலேயே சேர்த்துக்கொண்டால் அதுதான் இந்தக் கொள்கை. குரோஸ்தானோவ், லூகாஸ், பூவுத்திக்குல் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 2018இல் இந்தப் பெயரில் இதை விரித்து எழுதினார்கள். ஆயுட்காலத்துக்குள் அலையாக ஓடுகிற அதே கலக்கம், அதைத் தாண்டினால் வேட்டியில் பட்ட எண்ணெய் மாதிரி மெதுவாகப் பரவும்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘நீரியக்கவியல்’ ஒத்துவராது, எலக்ட்ரானில் நீர் ஏது? ‘பாய்ம இயக்கவியல்’ பொருந்தும். குவாசிக்குப் ‘போலி’ போடலாம்தான். பந்தலைப் பந்தர் என்றால் கடைப்போலி, இலக்கணத்தில் அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் போலி டாக்டர், போலிப் பத்திரம் என்று கேட்டே பழகிய காது நமக்கு. ‘அரை’ என்றால் அரைகுறை ஆகிவிடும்.

என் ஓட்டு ‘கசிவுப் பாய்ம இயக்கவியல்’ என்பதற்கு. லத்தீன் ஒட்டு ‘போல’ என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன் ‘போல’ என்பதைக் கசிவு சொல்லிவிடும். ஒரே சிக்கல், எலக்ட்ரானே ஒழுகிப்போகிறது என்று யாராவது படித்துவிடலாம். கசிவது அதன் உந்தம் மட்டும்தான்.