பாதாள சாக்கடை: ரோடு போடும் முன் கேட்க வேண்டியவை

தெருவில் குழி தோண்டிய பிறகுதான் நமக்குக் கேள்வியே எழுகிறது. முடிவெல்லாம் அதற்கு முன்பே எடுத்தாகிவிடுகிறது. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீர், 30 ஆண்டுக்குப் பிறகு இருக்கப்போகும் மக்கள்தொகை என்று மத்திய அரசின் கையேட்டுக் கணக்குப்படி திட்டம் போடுகிறார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

மாட்டிக்கொள்வது லெவலில்தான். கழிவுநீர் சரிவில் தானாக ஓட வேண்டும். 4 அங்குலக் குழாய் என்றால் சுமார் 60 அடிக்கு ஓர் அடியாவது இறக்கம் வேண்டும். கழிவறை கொல்லையில், வாசல் 60 அடி தள்ளி என்றால், குழாய் வாசலுக்கு வருவதற்குள் ஓர் அடி இறங்கியிருக்கும். கான்ட்ராக்டரின் ஆட்கள் கட்டிவிட்டுப் போன வாசல் சேம்பர் (வீட்டுக் குழாயைத் தெருக் குழாயோடு சேர்க்கும் தொட்டி) அதைவிட மேட்டில் இருந்தால் இணைப்பு கிடையாது. ரோட்டின் மேலேயே ரோடு போட்டு வீடுகள் பள்ளமாகிப்போன தெருக்களில் இது சர்வசாதாரணம். சேம்பர் கட்டும்போதே பிளம்பரைக் கூட்டிவந்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்துப் பாருங்கள்.

தப்பு தெரிந்த பிறகு போனால், நகராட்சி, குடிநீர் வடிகால் வாரியத்தைக் கைகாட்டும். வாரியம் வேலையை ஒப்படைத்துவிட்டோம் என்று சொல்லும். கான்ட்ராக்டர் வரைபடத்தில் இருப்பதைத்தான் செய்தேன் என்பார். அதற்குள் ரோடும் போட்டிருப்பார்கள். அதை வெட்ட அனுமதி வாங்குவது தனி அலைச்சல். ஆகவே வாய்வார்த்தை வேண்டாம். உதவிப் பொறியாளருக்கு மனு கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜெ)-யில், அரசு வேலையை நேரில் பார்வையிடும் உரிமையே இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள் ஆகலாம் என்பதால் குழி தோண்டும் முன்பே தகவல் கேட்கும் மனுவைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கட்டணம். வைப்புத்தொகை ஒருமுறை, பராமரிப்புக் கட்டணம் தொடர்ந்து வரும். வீட்டு முன்னறையில் நடந்த கடையை மூடிப் பல வருடம் ஆகியிருக்கும். சொத்துவரிக் கணக்கில் மட்டும் இன்னும் வணிகம் என்றே இருக்கும். அப்படியே விண்ணப்பித்தால் வணிகக் கட்டணம்தான் வரும். முதலில் வரிப் பிரிவில் மாற்றுங்கள். ரசீது தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றமும், பாக்கி இருந்தால் அதைக் கட்டுவதும் முன்னதாகவே முடியட்டும். ஒரு கையெழுத்துக்காக விண்ணப்பம் திரும்பி வந்தால் வரிசையில் மறுபடி கடைசியில்தான் நிற்க வேண்டும்.

ஓட்டல் வைத்திருப்பவர்கள் கிரீஸ் டிராப் (எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் தொட்டி) இல்லாமல் இணைக்காதீர்கள். எண்ணெய் உறைந்து அடைத்தால் முதலில் எதிர்ப்பது பக்கத்து வீடுதான். மொட்டைமாடி மழைநீரை இதில் யாரும் விடக்கூடாது. மழைக்காலத்தில் பள்ளத்து வீட்டுக் கழிவறை வழியாகப் பொங்கும்.

இணைப்பு கிடைத்ததும் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து மூட வேண்டும். அதற்குக் கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கினால், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்த வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும்.