ஏர் வென்ட் குழாயை மூடிவிடாதீர்கள்

ஓவர்ஹெட் டேங்கிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயில், தண்ணீரை அடைக்கும் கேட் வால்வைத் தாண்டியதும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) இருக்கும். அதிலிருந்து டேங்கின் மூடியை விட உயரமாக எழும்பி, தலை மட்டும் கீழே வளைந்து நிற்பதுதான் ஏர் வென்ட். தண்ணீர் சொட்டுகிறது என்று அதற்கு மூடி போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சொட்டுவதற்குக் காரணம் உயரக் குறைவு. டேங்கில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டம் வென்ட்டிலும் நிற்கும். குழாயை உயர்த்தினால் சொட்டுவது நின்றுவிடும்.

டேங்க் வறண்டால் லைனுக்குள் காற்று புகும். கைப்பிடிச்சுவர் மீது ஏறி இறங்கும் குழாயில் அந்தக் காற்று மேட்டிலேயே தங்கிவிடும். ஷவருக்கு மேல் 2 மீட்டரில் நீர்மட்டம் இருந்தால் கிடைப்பது 0.2 பார் அழுத்தம்தான். இறங்குகிற பக்கத்தில் அரை மீட்டருக்குக் காற்று அடைத்தாலே கால் பங்கு அழுத்தம் போய்விடும். அப்படிப்பட்ட மேட்டிலும் ஒரு வென்ட் வேண்டும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது எதிர்த்திசை உறிஞ்சல். டேங்க் கழுவ வால்வை மூடுகிறீர்கள். கீழ்த்தளத்தில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். லைனில் உள்ள தண்ணீர் இறங்கும்போது மேலே வெற்றிடம் உண்டாகும். அந்த நேரம் மாடி பாத்ரூமில் ஹெல்த் ஃபாசெட் (கழிப்பறைக் கைத்தெளிப்பான்) திறந்தபடி அழுக்கு வாளிக்குள் முங்கிக் கிடந்தால், வாளித் தண்ணீர் குடிநீர் லைனுக்குள்ளேயே ஏறிவிடும். வென்ட் திறந்திருந்தால் காற்று அதன் வழியே நுழைந்து உறிஞ்சலை முறித்துவிடும். வென்ட் வால்வுக்கு அடுத்து இருக்க வேண்டியது இதனால்தான். வால்வுக்கு முன்னால் வைத்தால் பயனில்லை. ஒரே டேங்கில் மூன்று வால்வு என்றால் மூன்றுக்கும் தனித்தனி வென்ட்.

பிரஷர் பம்ப் உள்ள லைனில் திறந்த வென்ட் கூடாது. பம்புக்குப் பின்னால் இருந்தால் தண்ணீர் பீய்ச்சும், முன்னால் இருந்தால் பம்ப் காற்றை இழுக்கக்கூடும்.

பிரஷர் இல்லாத சோலார் ஹீட்டரில் வென்ட்டை அடைத்தால் டேங்கே கெடும். 200 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 3 லிட்டர் கூடுகிறது. அதற்கு இடம் வேண்டும். குளிர்நீர் வராத நேரத்தில் வெந்நீரைத் திறந்தால் உள்டேங்க் நசுங்கி உள்வாங்கும்.

வென்ட் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள், குழாயைச் சுவரோடு பிடிக்க கிளாம்ப் போடுங்கள். காற்றில் ஆடினால் டீ மூட்டு விரியும். சோதிப்பது எளிது: கேட் வால்வை மூடி, கீழ்க் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வென்ட் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் வலையைக் கழற்றிப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கலாம்.