நாள்காட்டிக்குள் இருப்பது தேதிகள் அல்ல

மலேசியாவில் ஈப்போவிலிருந்து குவாலா கங்சார் போகிற வழியில் இருக்கிறது சுங்கை சிப்புட். அதைப் போன்ற தோட்டப் பட்டணங்களில் பொதுக் காரியமெல்லாம் இரண்டு மூன்று பேர் தலையில்தான் விழும். தோட்ட ஆபீஸ் கிராணியே, அதாவது குமாஸ்தாவே, கோயில் செயலாளராகவும் இருப்பார்; பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் அவர் பெயர் இருக்கும். ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும். பதினைந்துக்குள் ஈபிஎஃப் என்ற சேமநிதியும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் கட்ட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் நிர்வாகக் கூட்டம். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸுக்குப் போகிற பெரியவர்களை ஏற்றிப்போக வேன். எல்லாவற்றையும் அவர் கணினியில் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் நாள்காட்டியில் ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கோயில் தலைவர் வந்து, "தம்பி, இன்னும் மூணு மாசத்துக்கு என்னென்ன இருக்குன்னு ஒரு தாள்ல அடிச்சுக் குடுத்துடுப்பா, பலகையில ஒட்டணும்" என்கிறார்.

இதற்கு உதவுவது மேக்ரோ. மேக்ரோ என்பது நாம் கையால் செய்கிற வேலையை வரிசையாக எழுதிவைத்து, மென்பொருளையே செய்யச் சொல்வது. அவுட்லுக்கிலும் எக்செலிலும் அதற்கு விபிஏ என்ற மொழி இருக்கிறது. ஆல்ட் விசையோடு எஃப் 11-ஐ அழுத்தினால் எழுதும் இடம் திறக்கும். முதலில் தோன்றுகிற வழி எளிது. நாள்காட்டியில் உள்ள பதிவுகளை ஒவ்வொன்றாக எடு. தொடங்கும் தேதி இந்த மூன்று மாதத்துக்குள் இருந்தால் எக்செல் தாளில் ஒரு வரி எழுது. ஓட்டிப் பார்த்தால் ஒரே ஒரு முறை நடக்கிற திருமணம், பல் டாக்டர், ஆண்டுக் கூட்டம் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். முதல் ஞாயிறு கூட்டம் வராது. வேனும் வராது. நாள்காட்டியைத் திரையில் திறந்தால் இரண்டும் வாரா வாரம், மாதா மாதம் கண்ணெதிரே நிற்கின்றன. மேக்ரோவுக்கு மட்டும் தெரியவில்லை.

காரணம், அந்தத் தேதிகள் எங்கேயும் எழுதப்படவே இல்லை. 2021-இல் தொடங்கிய ஒரு வாராந்தரச் சந்திப்புக்கு அவுட்லுக் சேமித்து வைத்திருப்பது ஒரே ஒரு பதிவுதான். அதன் தொடக்கத் தேதி 2021-இல் வந்த முதல் நாள். கூடவே ஒரு விதி: வாரம் ஒருமுறை, இன்ன கிழமை, இத்தனை மணிக்கு. திரையில் நாம் பார்க்கிற மற்ற நாட்களெல்லாம், நாம் அந்த வாரத்தைத் திறக்கிற நேரத்தில் விதியிலிருந்து கணக்கிட்டு வரையப்படுகிறவை. மேக்ரோ நேராகக் கிடங்குக்குள் போய்ப் பார்க்கிறது. அங்கே 2021 என்று ஒரே ஒரு சீட்டு கிடக்கிறது. மூன்று மாத வரம்புக்குள் அது வரவில்லை, தள்ளிவிடுகிறது.

தோட்டத்துக்காரர்களுக்கு இது புதுச் சங்கதி அல்ல. ரப்பர் ஆய்வாளர்கள் பால் வெட்டும் முறையை 'எஸ்/2 டி2 6டி/7' என்று குறிப்பார்கள். மரத்தைச் சுற்றி அரைச் சுற்று வெட்டு; இரண்டு நாளுக்கு ஒரு வெட்டு; வாரத்தில் ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. எந்த நிரையை எந்தத் தேதியில் வெட்டுவது என்று அதில் ஒரு தேதிகூடக் கிடையாது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, இன்றைக்கு எந்தப் பக்கம் என்று விதியிலிருந்து நாளைப் பிரித்துச் சொல்வது கங்காணியின் வேலை. மழை பெய்து வெட்டு நின்றுபோனால் அது விதிவிலக்கு. நாள்காட்டி மென்பொருளில் இருக்கிற மூன்று பாகங்களும் இவைதான்: விதி, அதைப் பிரித்துத் தருகிற ஒருவர், விலக்குகள்.

விதியை எப்படி எழுதிவைக்கிறார்கள் என்பது இந்த விஷயத்திலேயே அழகான பகுதி. அவுட்லுக்கில் ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் எண் உண்டு. ஞாயிறு 1, திங்கள் 2, செவ்வாய் 4, புதன் 8, வியாழன் 16, வெள்ளி 32, சனி 64. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்கு. டயாலிசிஸ் வேன் திங்கள், புதன், வெள்ளி ஓடுகிறது என்றால் 2, 8, 32 மூன்றையும் கூட்டி 42 என்று ஒரே எண்ணாக எழுதிவிடலாம். 42-ஐக் கொடுத்து, எந்தெந்தக் கிழமை என்று திருப்பிக் கேட்டால் ஒரே விடைதான் வரும். வேறு எந்தக் கிழமைகளைக் கூட்டினாலும் 42 வராது. செவ்வாய், வியாழன், சனி முறைக்கு 4, 16, 64 சேர்ந்து 84. ஒரு நாள் தள்ளிப் போட்டதும் எண் சரியாக இரட்டித்துவிட்டது பாருங்கள். கணினிக்கு இது பெருக்கல்கூட அல்ல. ஏழு சுவிட்சுகள் உள்ள பலகையில் எல்லாவற்றையும் ஓர் இடம் நகர்த்துவதுதான். மேக்ரோ இந்த எண்ணைப் படித்து, ஒவ்வொரு சுவிட்சும் போட்டிருக்கிறதா என்று சோதித்துக் கிழமைப் பெயரை எழுத வேண்டும்.

'மாதத்தின் முதல் ஞாயிறு' வேறு மாதிரி. அங்கே கிழமை எண்ணோடு 'எத்தனையாவது' என்றும் ஓர் எண் வரும்: 1 முதல் 5 வரை. இதில் 5 என்றால் ஐந்தாவது என்று அர்த்தமில்லை, கடைசி என்று அர்த்தம். எந்த மாதத்திலும் 28 நாளாவது இருக்கும் என்பதால் நான்காவது ஞாயிறு கட்டாயம் உண்டு. ஐந்தாவதுக்கு உத்தரவாதம் கிடையாது. 'ஒவ்வொரு மாதமும் 31' என்ற விதியிலும் இதே சிக்கல். அவுட்லுக் 30 நாள் மாதங்களில் அதை மாதக் கடைசிக்கு இறக்கிக்கொள்ளும். நாள்காட்டிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் என்ற பொதுத் தரத்தின்படி (1998-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்டது), மாதத்தில் இல்லாத தேதியை அப்படியே தாண்டிவிட வேண்டும். ஒரே விதி, இரண்டு இடத்தில் இரண்டு பட்டியல். மாதக் கடைசி வேலைகளை 31 என்று போடாமல் கடைசி நாள் என்றே போட்டுவைப்பது நல்லது.

'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை' என்பதும் தனியாக நிற்காது. எந்த வாரத்திலிருந்து எண்ணுவது? அதனால்தான் விதியோடு தொடக்கத் தேதி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தை ஒரு வாரம் நகர்த்தினால் மொத்த வரிசையும் இடம் மாறிவிடும்.

சரி, மேக்ரோவுக்கு வருவோம். விதிகளைப் பிரிக்கும் கணக்கை நாமே எழுத வேண்டியதில்லை, அவுட்லுக்கிடமே கேட்கலாம். பதிவுகளின் தொகுப்பில் 'இன்க்ளூட் ரெக்கரன்சஸ்' என்ற ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் திரும்ப வரும் நாட்கள் ஒவ்வொன்றும் தனிப் பதிவு போல வரிசையில் வந்து நிற்கும். ஆனால் முதலில் தொகுப்பைத் தொடக்க நேரப்படி, முந்தியது முதலில் வருமாறு அடுக்க வேண்டும். அதற்குப் பிறகு சுவிட்ச். அதற்குப் பிறகு 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற வடிகட்டியால் தேதி வரம்பு. வேறு ஏதாவது ஒன்றின்படி அடுக்கியிருந்தால் சுவிட்சைப் போட்டும் பலன் இருக்காது. ஏன் இந்தக் கண்டிப்பு என்று யோசித்தால், முடிவே இல்லாத ஒரு வரிசைக்கு முதல் நாள் உண்டு, கடைசி நாள் கிடையாது. அதை முன்னாலிருந்துதான் பிரித்துக்கொண்டு வர முடியும்.

வரம்பு போடாவிட்டால் என்ன நடக்கும்? முடிவுத் தேதி இல்லாத ஒரு சந்திப்பு இருந்தாலே போதும், மேக்ரோ நிற்காமல் எழுதிக்கொண்டே போகும். முடிவில்லை என்று நாம் சொன்னதை அவுட்லுக் உள்ளுக்குள் 4500-ஆம் ஆண்டு என்று குறித்துக்கொள்கிறது. மொத்தம் எத்தனை பதிவு என்று தொகுப்பைக் கேட்டால் 2147483647 என்று ஒரு பதில் வரலாம். கோயில் கூட்டம் இருநூறு கோடி முறை நடக்கப்போவதில்லை. அது, கழித்தல் எண்களுக்கும் இடம் விட்டு, 32 பிட் இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்; இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. 'எண்ண முடியவில்லை' என்பதை அவுட்லுக் சொல்கிற விதம் அதுதான். ஆகவே எத்தனை என்று கேட்டு அத்தனை முறை சுற்றக் கூடாது. ஒன்றை எடு, அடுத்தது இருந்தால் அதை எடு என்று நடந்துபோக வேண்டும்.

வரம்பை எழுதும்போது கவனிக்க இரண்டு சங்கதி. மூன்று நாள் திருவிழா ஒன்று ஜனவரி 31-இல் தொடங்கினால், பிப்ரவரிப் பட்டியலில் அது வர வேண்டுமா? வர வேண்டும். எனவே 'தொடக்கம் வரம்புக்குள் இருக்கிறதா' என்று கேட்டால் தவறிவிடும். தொடக்கம் வரம்பின் முடிவுக்கு முன்னால் இருக்க வேண்டும், முடிவு வரம்பின் தொடக்கத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் வரம்பைத் தொடுகிற எதுவும் தப்பாது. இன்னொன்று தேதி எழுதும் வரிசை. நாம் 8/2 என்றால் பிப்ரவரி எட்டு. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது ஆகஸ்ட் இரண்டு. பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான பட்டியல் மட்டும் வரும். தேதியைக் கையால் எழுதாமல், அந்தக் கணினியின் சொந்த வடிவத்துக்கு மேக்ரோவையே மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இனி விலக்குகள். என் பார்வையில் மேக்ரோ போட்டுப் பட்டியல் எடுப்பதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. 2026 பிப்ரவரியின் முதல் ஞாயிறு ஒன்றாம் தேதி. அன்றைக்குத்தான் தைப்பூசம். எந்தக் கோயில் நிர்வாகமும் அன்று காலை பத்து மணிக்கு நாற்காலி போட்டு உட்காராது. கூட்டத்தை எட்டாம் தேதிக்கு இழுத்துவைத்தால் அவுட்லுக் விதியைத் தொடுவதில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்க்கிறது: பிப்ரவரி 1-இல் வர வேண்டியது எட்டுக்குப் போயிற்று. ஒரு மாதக் கூட்டத்தையே ரத்து செய்தால் அந்தத் தேதி நீக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு. விதியை மட்டும் படித்துத் தானே கணக்குப் போடுகிற மேக்ரோ இந்தக் குறிப்புகளைப் பார்க்காது; பிப்ரவரி 1 என்றே அச்சடித்துத் தரும். மேலே சொன்ன சுவிட்ச் வழியாகப் போனால் எட்டாம் தேதி சரியாக வரும். பிரிக்கும் வேலையை அவுட்லுக்கிடமே விடச் சொல்வது இதனால்தான்.

தைப்பூசத்தையே 'ஆண்டுக்கொருமுறை' என்று போட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். முடியாது. 2024-இல் அது ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. தை மாதமும் பூச நட்சத்திரமும் சேர்ந்து வருகிற நாளை, கிழமை எண்ணும் மாத எண்ணும் கொண்டு எழுத வழியில்லை. தீபாவளியும் அப்படித்தான், நோன்புப் பெருநாளும் அப்படித்தான். இவற்றை ஆண்டுதோறும் பஞ்சாங்கமோ அரசாங்க விடுமுறைப் பட்டியலோ பார்த்துத் தனித்தனித் தேதியாக எக்செலில் ஒரு பத்தியில் எழுதிவைத்தால், மேக்ரோ ஒவ்வொரு வரியையும் அதோடு ஒப்பிட்டு, மோதுகிற நாளின் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் அடித்துவிடும். தைப்பூச மோதல் டிசம்பரிலேயே கண்ணில் பட்டுவிடும்.

இதுவரை சொன்னது நாட்களின் பட்டியல். விதிகளின் பட்டியலும் வேண்டும், அது தலைவருக்கு அல்ல, செயலாளருக்கு. இங்கே சுவிட்சைப் போடக் கூடாது. கிடங்கில் உள்ள சீட்டுகளை அப்படியே புரட்டி, 'திரும்ப வருவதா' என்று ஒவ்வொன்றையும் கேட்டு, ஆம் என்றால் அதன் விதி, தொடக்கம், முடிவு, விலக்குகள் எல்லாவற்றையும் எழுதச் சொல்ல வேண்டும். கலைந்துபோன குழுவின் கூட்டங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும். முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு: விதியை மாற்றினால், அதாவது முதல் ஞாயிறை இரண்டாவது ஞாயிறு என்று ஆக்கினால், அதுவரை சேர்ந்த விலக்குகள் எல்லாம் அழிந்துவிடும். மாற்றுவதற்கு முன் பட்டியலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

நீக்கப்பட்ட நாளின் விவரத்தைக் கேட்டால் மேக்ரோ பிழை காட்டி நின்றுவிடும், அங்கே கேட்பதற்குப் பதிவே இல்லை. நீக்கப்பட்டதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. விபிஏ எழுதும் சன்னல், எழுத்துகளை எண்களாகக் குறிக்கிற பழைய காலத்துக் குறிமுறையில் இயங்குகிறது. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு பழைய குறிமுறைப் பக்கமே கிடையாது. 'ஞாயிறு' என்று அங்கே ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் விழும். பலர் இதைப் பார்த்துவிட்டு மேக்ரோவில் தமிழே வராது என்று ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போக வேண்டாம். சன்னலுக்குத்தான் தமிழ் தெரியாது. மேக்ரோ ஓடும்போது எழுத்துகளை, எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடாகவேதான் வைத்திருக்கிறது. 'கோயில் நிர்வாகக் கூட்டம்' என்ற தலைப்பை அவுட்லுக்கிலிருந்து எடுத்து எக்செல் கட்டத்தில் போட்டால் ஓர் எழுத்து சிதையாமல் போய்ச் சேரும். கிழமைப் பெயர்களை எக்செலின் ஏழு கட்டங்களில் தமிழில் எழுதிவைத்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் வேலை முடிந்தது. பலகையில் ஒட்டுகிற தாளை வாசிக்கப்போவது கோயிலுக்கு வருகிற பாட்டிகளும் வேன் ஓட்டுநரும். அது தமிழில் இருந்தாக வேண்டும்.

வேனுக்கு மட்டும் தனித் தாள் எடுப்பது இன்னும் நல்லது. டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல. ஒன்றைத் தவறவிட்டால் உடம்பில் நீர் ஏறிவிடும். தீபாவளி, பெருநாள் வாரங்களில் நிலையம் முறையை மாற்றுகிறபோது, 42 என்ற விதி அப்படியே இருக்க, அந்த வாரத்தின் நாட்களை மட்டும் விலக்காக நகர்த்த வேண்டும். அப்புறம் தாளை மறுபடி எடுக்க வேண்டும். பழைய தாள் பலகையில் இருக்கக் கூடாது. எடுத்த தேதியை மேலே பெரிதாக அச்சிட மேக்ரோவிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

கடைசியாக, கருவிகள் பற்றி. விண்டோஸுக்கு வந்திருக்கும் புது அவுட்லுக்கில் விபிஏ மேக்ரோ ஓடாது; பழைய அவுட்லுக் வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவைக்கிறது. அது நல்ல காவல், அதைத் தளர்த்தாமல் சொந்தமாக எழுதுவதே பத்திரம். கூகுள் நாள்காட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. தொடக்கமும் முடிவுமாக இரண்டு தேதி கொடுத்தால் நாட்களைப் பிரித்தே தரும், அடுக்குவது, சுவிட்ச் போடுவது எதுவும் இல்லை. இரண்டு தேதி கொடுக்காமல் மட்டும் அதுவும் தராது.